முதியோர் இல்லமும் நன்றிக் கடனும்

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்த்த பிள்ளைகளைப் பற்றி ஊரார் பேசும் பேச்சு எத்தகையது என்பதை நீங்கள் அறிவீர்கள். "பெற்ற தாயைக் கொண்டுபோய் மடத்திலே விட்டுவிட்டான்" என்னும் ஒரே வசனத்தில் வழக்கும் அடங்கிவிடும், தீர்ப்பும் அடங்கிவிடும். அவ்வசனம் என்னைப் பற்றியும் சொல்லப்பட்டதுண்டு. அதற்கு மறுமொழி கூற நான் இங்கு வரவில்லை. என் தாயாரை அவருடைய இறுதிக் காலத்தில் நான்கரை ஆண்டுகள் பேணிக் காத்தவர்களுக்கு எங்கள் குடும்பம் பட்டிருக்கும் கடனைப் பற்றியும், அக்கடனைத் தீர்க்க முற்பட்டபோது நாங்கள் செய்த தவற்றைப் பற்றியும் சொல்லவே வந்தேன்.

என் தாயாருக்குப் பிள்ளைகள் நால்வர். ஒரு தம்பி கனடாவில் வாழ்கிறார். தங்கை இலண்டனில் இருக்கிறார். இளைய தம்பி இன்று எம்மிடையே இல்லை. நான் கொழும்பில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்து இளைப்பாறியவன். தந்தையார் காலமான பின்னரும் அம்மா வலிகாமத்தில் உள்ள எங்கள் வீட்டிலேயே தனித்து வாழ்ந்தார். கிணற்றடியும், முற்றத்து வேம்பும், அயல் வீட்டாரின் கூப்பிடு தூரமும் அவருக்குப் போதுமாயிருந்தன.

எண்பத்திரண்டாம் வயதில் அவரை மறதி பற்றிக்கொண்டது. முதலில் கறிக்கு இருமுறை உப்பிட்டார். பின்னர் அடுப்பில் பானையை ஏற்றிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். நான் அவரைக் கொழும்புக்கு அழைத்து வந்தேன். மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்டது எங்கள் வீடு. அங்கே எட்டு மாதங்கள் இருந்தார். ஒவ்வொரு காலையும் கிணறு எங்கே என்று கேட்பார். ஒருநாள் நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். இரண்டு தெருக்களுக்கு அப்பால், வெறுங்காலுடன் நின்றவரை ஒரு முச்சக்கர வண்டிச் சாரதி கண்டு, பொலிசாரிடம் ஒப்படைத்தார். அடுத்த மாதம் படியில் விழுந்தார். நோயுற்ற என் மனைவியால் அவரைத் தூக்க இயலவில்லை. இவருக்கு இரவும் பகலும் ஓராள் விழித்திருக்க வேண்டும் என்று வைத்தியர் கூறிவிட்டார்.

1906 ஆம் ஆண்டில் ஜேர்மன் வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் எடுத்துரைத்த நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. முதுமையில் வரும் மறதி நோய்களுள் அதுவே பெரும்பான்மையானது. அதனை முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்றுவரை கிட்டவில்லை. ஆகவே அந்நோயாளருக்கு வேண்டிய மருத்துவத்தில் பெரும்பகுதி மனிதரின் பொறுமைதான். அப்பொறுமையை நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் ஒரே குடும்பத்தில் ஓரிருவர் தாமே வழங்குவது எளிதன்று.

2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில், அவர் பிறந்த ஊருக்கு அண்மையிலுள்ள ஓர் இல்லத்தில் அவரைச் சேர்த்தோம். அதன் பெயரை நான் கூறப்போவதில்லை. அங்குள்ளோர் அதனை விரும்பார்.

இனி, என் தாயாரின் திறப்புக் கோவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்ததை நேயர்களில் முதியோர் மறந்திருக்கமாட்டீர்கள். அன்றிரவு, மழைக்கிடையில், அம்மா ஒவ்வோர் அறையாகப் பூட்டி, குசினியைப் பூட்டி, முன்கதவையும் பூட்டி, ஐந்து திறப்புகளையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு புறப்பட்டார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவுகள் இல்லை. நிலைகளும் இல்லை. பின்னர் வீட்டைத் திருத்திப் புதிய பூட்டுகள் போட்டோம். பழைய திறப்புகள் மட்டும் அவர் இடுப்பை விட்டு நீங்கவில்லை.

இல்லத்தில் சேர்த்த அன்று, "இவை எந்தப் பூட்டுக்கும் உரியன அல்ல, வாங்கி வைத்துவிடுங்கள்" என்று நானே கூறினேன். அங்கு நின்ற பணியாளர், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, என்னைப் பார்த்து, "இருக்கட்டும் ஐயா. இவ்வளவு காலமும் சுமந்த பாரம். எடுத்தால் ஆச்சிக்கு இடுப்பு வெறுமையாய்ப் போயிடும்" என்றார். என் தாயாரை அறுபது ஆண்டுகளாக அறிந்த எனக்குத் தோன்றாதது, அரை மணித்தியாலம் அறிந்த அவருக்குத் தோன்றிற்று.

இந்நோயுற்ற பலருக்கு அந்தி வேளையில் மனக்கலக்கம் மிகும். அம்மாவுக்கு அவ்வேளையில் 1995 ஆம் ஆண்டு திரும்பி வந்துவிடும். எழுந்து நின்று, "பிள்ளை, வீடு பூட்டியாச்சோ? மழை வரப்போகுது, வெளிக்கிட வேணும்" என்பார். கொழும்பில் இருந்தபோது நான் அவருக்கு உண்மையை எடுத்துரைப்பேன். "அம்மா, அது இருபது வருடத்துக்கு முந்தின கதை. அந்தக் கதவுகளே இப்போது இல்லை" என்பேன். ஒவ்வொரு மாலையும் அவர் அச்செய்தியைப் புதிதாகக் கேட்டு, புதிதாக அழுவார். உண்மை பேசுகிறேன் என்னும் எண்ணத்தில் ஒரே வீட்டை ஒவ்வொரு நாளும் அவருக்கு இழப்பித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பணியாளரோ அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விறாந்தை வழியே நடப்பார். விறாந்தையின் கோடியில் களஞ்சிய அறை இருந்தது. அம்மா தம் திறப்பொன்றை எடுத்து அதன் பூட்டில் வைப்பார். அது திரும்பாது. உடனே பணியாளர் தம் திறப்பினால் பூட்டி, இழுத்துக் காட்டி, "பூட்டியாச்சு ஆச்சி. இனி மழை வந்தாலும் பயமில்லை" என்பார். அம்மா ஒருமுறை தாமும் இழுத்துப் பார்ப்பார். அதன் பின்னர் வந்து அமர்ந்து இடியப்பமும் சொதியும் உண்பார், உறங்குவார். தாம் விடுமுறையில் இருக்கும் நாளிலும் இது தவறக்கூடாது என்பதற்காக அப்பெண்மணி கடமைக் குறிப்புப் புத்தகத்தில், மருந்து வேளைகளுக்குக் கீழே, "மாலை 6 மணி: ஆச்சியுடன் போய்க் கதவு பூட்டுதல்" என்று எழுதி வைத்திருந்தார். அவ்வரியை நான் கண்ணால் கண்டேன்.

முதியவர் ஒருவருக்கு உரியதை அவரிடமே விட்டுவைத்தல் சிறு காரியம் போலத் தோன்றலாம். ஆயினும் அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பின் போக்கையே மாற்றியது அத்தகைய ஓர் எண்ணந்தான். கெரென் பிரவுண் வில்சன் என்னும் அம்மையாரின் தாய் ஐம்பத்தைந்தாம் வயதில் பாரிசவாதத்தினால் வீழ்ந்து, பராமரிப்பு நிலையங்களில் காலங்கழித்தவர். தம்மைப் போன்றோருக்கு உதவ ஏதேனும் செய்யக்கூடாதா என்று அவர் மகளிடம் கேட்டார். அவர் வேண்டியவை சிறு குசினி, குளியலறை, தமக்குப் பிடித்த பொருள்கள், உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு கதவு ஆகியவையே. 1983 ஆம் ஆண்டில் ஒறிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் மகள் அத்தகைய இல்லமொன்றைத் திறந்தார். அங்கு வாழ்ந்தோருக்கு வேண்டிய உதவி கிடைத்தது. கதவின் திறப்பும் அவர்கள் கையிலேயே இருந்தது. அக்கதவின் அருமையை என் தாயாரின் பணியாளர் எந்த நூலிலும் படிக்காமலே அறிந்திருந்தார்.

கடைசி ஏழு மாதங்கள் அம்மா படுக்கையிலேயே கிடந்தார். அசையாது கிடக்கும் முதியவரின் இடுப்பிலும் முதுகின் அடியிலும் குதிகாலிலும், உடற்பாரம் ஓரிடத்தையே அழுத்துவதனால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகும். தோல் மெலிந்த முதியோரில் அப்புண் எலும்புவரை செல்லவும் கூடும். அதனைத் தடுக்க, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் பக்கம் மாற்றிக் கிடத்தி வந்தார்கள். இரவும் பகலுமாக ஒரு நாளில் 12 முறை. ஏழு மாதங்களுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2,500 முறை. ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால் ஊட்டி, விழுங்கிய பின்னரே அடுத்ததைக் கொடுத்தார்கள். உணவு சுவாசக் குழாயில் இறங்கினால் நுரையீரலில் அழற்சி உண்டாகும் என்பதனால், ஊட்டி முடித்த பின்னரும் உடனே கிடத்தமாட்டார்கள். என் தாயாரின் உடலை இறுதிக் கிரியைக்காக நீராட்டியபோது, அதில் ஒரு புண்ணும் இருக்கவில்லை. அந்த 2,500 முறைக்கும் சாட்சி அதுவே.

இடையில் நாடு பட்ட இன்னல்களையும் நினைத்துப் பாருங்கள். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றுக் காரணமாக ஊரடங்கு வந்தது. இல்லத்தின் படலை பார்வையாளருக்கு மூடப்பட்டது. முதியோருக்கு நோய் தொற்றிவிடக் கூடாதென்று பணியாளர் சிலர் தம் வீடுகளுக்குப் போகாமல் வாரக் கணக்கில் அங்கேயே தங்கினர். அவர்களுக்கும் வீட்டில் முதிய தாயர் இருந்தனர். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் கிட்டாது போயிற்று. பஸ் வண்டிகள் குறைந்தன. அம்மாவின் பணியாளர் காலை ஐந்து மணிக்கு எழுந்து துவிச்சக்கர வண்டியில் வந்தார். வண்டி பழுதான நாளில் நடந்து வந்தார். ஆறு மணிக் கதவு ஒரு நாளும் பூட்டப்படாமல் இருந்ததில்லை.

இத்தனைக்கும் நாங்கள் நன்றி செலுத்தாமல் இருக்கவில்லை. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலைகள் வாங்கிக் கொடுத்தோம். தந்தையாரின் திதியன்று இல்லத்தார் அனைவருக்கும் மதிய உணவு வழங்கினோம். கனடாத் தம்பி ஏழு பக்கங்களில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். படிப்போர் கண் கலங்கும் கடிதம் அது. "நீங்கள் மனிதர் அல்லர், தெய்வங்கள்" என்று அதனை முடித்திருந்தார்.

அக்கடிதத்தை நானே எடுத்துச் சென்று அத்தியட்சகர் அம்மையாரிடம் கொடுத்தேன். அவர் முழுவதையும் பொறுமையாக வாசித்தார். மடித்து மேசைமேல் வைத்தார். "மிகவும் நல்ல கடிதம் ஐயா. இதில் அரைவாசியை ஆச்சிக்கு எழுதியிருக்கலாம்" என்றார்.

எனக்கு முகம் சிவந்தது. அவர் கடுமையாகப் பேசவில்லை. மேலும் சொன்னார்: "நன்றி சொல்ல வருகிற குடும்பங்கள் எங்களுக்குப் பல உண்டு. நன்றி சொன்ன பிறகும் வருகிற குடும்பங்கள் சிலதான்."

வெளியே வந்தபோது விறாந்தையில் அம்மாவின் பணியாளர் நின்றார். தம்பியின் கடைசி வரியை அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தெய்வத்துக்கு முழங்கால் நோகாது ஐயா" என்றார். அவருடைய முழங்காலில் கட்டியிருந்த துணியை அப்போதுதான் நான் கண்டேன். இரண்டு ஆண்டுகளாக அவரைப் பார்த்து வந்தவன் நான்.

அன்றிரவு புகையிரதத்தில் கொழும்புக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் நன்றியை நானே விசாரணை செய்தேன். அதில் அன்பு இருந்தது, ஐயமில்லை. ஆயினும் அதனுள் ஓர் ஆறுதல் பெருமூச்சும் ஒளிந்திருந்தது. 'நல்லவர்கள் கையில் கொடுத்துவிட்டோம், இனி நமக்குப் பாரமில்லை' என்னும் பெருமூச்சு அது. பொருளை ஒப்படைத்துவிட்டுப் பற்றுச்சீட்டில் கையொப்பமிடுவது போல் நாங்கள் நன்றிக் கடிதம் எழுதியிருந்தோம். அன்றியும், பிறரைத் தெய்வம் என்று அழைப்பதில் நமக்கொரு வசதி உண்டு. தெய்வத்துக்குச் சம்பளம் போதுமா என்று எவரும் கேட்பதில்லை. இரவில் இருபது முதியோருக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்றும் கேட்பதில்லை.

இத்தொழிலில் ஈடுபட்டோரின் பெயர் மறைந்துபோவது புதிதன்று. பிரான்சு தேசத்தில் 1839 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் யான் யுகான் என்னும் ஏழைப் பெண், பார்வையற்றுப் பாதியுடல் செயலிழந்த ஒரு முதிய கைம்பெண்ணைத் தம் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து, தம் படுக்கையையே அவருக்கு அளித்தார். பின்னர் கூடை ஏந்தி வீடுவீடாக இரந்து பல முதியோரைக் காத்தார். 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்னும் கன்னியர் சபை அவ்வாறு பிறந்தது. அவ்வம்மையாரோ தலைமையிலிருந்து விலக்கப்பட்டு, தொடக்கியவர் இன்னார் என்பது உடனிருந்த இளங்கன்னியருக்கே தெரியாதபடி பல ஆண்டுகள் வாழ்ந்து, 1879 இல் மறைந்தார். 2009 இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அச்சபையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொழும்புக்கும் வந்து முதியோரைப் பேணத் தொடங்கினர். உலகறிந்த ஒரு பணியைத் தொடங்கியவருக்கே அந்நிலையென்றால், மாதச் சம்பளத்துக்கு முதியோரின் படுக்கை மாற்றும் ஒரு பெண்மணியின் பெயரை யார் நினைவில் வைப்பார்?

நாங்கள் எங்கள் தவற்றைத் திருத்த முயன்றோம். உடன்பிறந்தோர் மூவரும் கலந்து பேசி, மாதந்தோறும் ஒரு தொகை சேர்த்து, இரவுக் கடமைக்கு மேலும் ஒருவரை அமர்த்த இல்லத்துக்கு உதவினோம். நோயாளரைத் தூக்கும்போது முதுகும் முழங்காலும் நோகாதவாறு உதவும் பட்டிகளை வாங்கிக் கொடுத்தோம். சேலைகளைவிட அப்பட்டிகள் அவர்களுக்கு மகிழ்ச்சியளித்தன. கனடாத் தம்பி ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அம்மாவோடு பேசலானார். இடக்காதே கேட்கும் என்பதனால் பணியாளர் அங்கே பிடித்துக்கொள்வார். அம்மாவுக்கு மகன் என்று தெரியவில்லை. "ஆரோ நல்ல பிள்ளை கதைக்குது" என்பார். அதைக் கேட்டு முதல் நாள் தம்பி அழுதார். பின்னர், "நல்ல பிள்ளை என்று சொன்னாவே, அது போதும்" என்று எனக்குச் சொன்னார். நான் மாதம் ஒருமுறை சென்று வந்ததை இருமுறையாக்கினேன். பேசுவதற்குப் பொருள் இல்லாவிட்டாலும் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். மாலை ஆறு மணியானால் நானும் கதவு பூட்டப் போனேன்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நம் நாட்டில் 100 பேரில் 12 பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்களாய் இருந்தனர். அவ்வீதம் அதன்பின் உயர்ந்தே வந்துள்ளது. பிள்ளைகளோ தொழில் தேடியும் புகலிடம் தேடியும் பல தேசங்களில் பரந்துவிட்டனர். ஆகவே இத்தகைய இல்லங்கள் இன்னும் பெருகும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று கூறுகிறது. வாழ வழியற்ற பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோருவதற்கு ஒரு சபையையும் அது அமைத்திருக்கிறது. முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் தாயின் பக்கத்தில் அரை மணித்தியாலம் இருந்து கதைக்குமாறு எந்தச் சபையும் கட்டளையிட முடியாது.

பெற்றோரை இல்லத்தில் சேர்க்க நேர்ந்த குடும்பத்தினருக்கு, நான் தாமதித்துக் கற்ற சிலவற்றைக் கூறுகிறேன். சேர்க்கும் அன்றே அவரைப் பற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எப்பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவார், எக்காது கேட்கும், எதை விரும்பி உண்பார், எதற்கு அஞ்சுவார் என்பன பணியாளருக்கு மருந்துச் சீட்டுக்கு ஒப்பானவை. அவர் விட்டுப் பிரியாத பொருள் எதுவோ அதைப் பறிக்காதீர்கள். செல்லும்போது ஒரே நேரத்தில் செல்லாமல் வெவ்வேறு வேளைகளில் செல்லுங்கள். படுக்கையில் இருப்பவராயின் குதிகாலையும் முதுகின் அடியையும் பாருங்கள். குறை கண்டால் பணிவாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள். நிறை கண்டால் அதைச் செய்தவரின் பெயரைக் கேட்டறிந்து, பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். அதனை நிருவாகத்தாருக்கும் எழுத்தில் கொடுங்கள்.

2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒரு விடியற்காலை அம்மா காலமானார். நான் போய்ச் சேர முன்னரே உயிர் பிரிந்துவிட்டது. கடைசி வேளையில் அவர் தனித்திருக்கவில்லை என்று சொன்னார்கள். அப்பெண்மணியின் கை அவர் கையில் இருந்ததாம். கிரியைகள் முடிந்தபின், ஐந்து திறப்புகளையும் துடைத்து ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து, அவர் என்னிடம் தந்தார். "எண்ணிப் பாருங்கோ ஐயா. ஆச்சி ஒவ்வொரு நாளும் எண்ணுவா" என்றார். நான் எண்ணினேன். ஐந்தும் இருந்தன. நன்றி கூற வாயெடுத்தேன், சொல் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

இன்றும் யாழ்ப்பாணம் செல்லும்போதெல்லாம் நான் அவ்வில்லத்துக்குப் போகிறேன். பார்க்க வருவோர் எவரும் இல்லாத முதியவர் ஒருவர் விறாந்தையில் இருக்கிறார். அவர் பக்கத்தில் சற்று நேரம் இருக்கிறேன்.

நேயர்களே, உங்கள் தாயோ தந்தையோ அத்தகைய இல்லமொன்றில் இருப்பாராயின், அங்குள்ளோருக்கு நன்றி சொல்லப் போங்கள். சொல்லிவிட்டு, அரை மணித்தியாலம் அவர் பக்கத்தில் இருந்துவிட்டு வாருங்கள்.